கூடத்தில் முளைத்த குப்பைக்கீரை

ஹாரன் தன் புது வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, சாத்திய கதவை ரசித்துக்கொண்டிருந்தார். மலையை ரசிப்பவர்கள் உண்டு, கடலை ரசிப்பவர்கள் உண்டு. மூன்று தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்தபடி டீயை உறிஞ்சி ஒருவர் "ஆகா" என்கிறார் என்றால், அவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியிருக்க வேண்டும். அவர் ஓட்டியிருந்தார். குடித்தவர், கோபித்துக்கொண்டு கிளம்பியவர், கோழியை இடுக்கிக்கொண்டு வந்தவர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஏறாத ஆளில்லை. ஊரில் யாரும் அவருடைய பெயரைச் சொல்வதில்லை. வளைவுக்கு வளைவு அவர் அடித்த ஹாரனே பெயராக நிலைத்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இந்த வீட்டைக் கட்டினார். "எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று சொல்லிச் சுற்றுச்சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பினார். இரும்பு கேட் போட்டார். கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதித்தார். தரையில், குனிந்தால் முகம் தெரிகிற டைல்ஸ். கட்டும்போது அவர் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: வாசலில் நாலு பேர் உட்கார ஒரு பெஞ்சு. "இதென்ன பஸ் ஸ்டாப்பா?" என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

அன்று டீ பாதி டம்ளர் இருக்கும்போது, கூடத்தின் நடுவே இரண்டு டைல்ஸுக்கு இடையில் பச்சையாக என்னவோ தெரிந்தது. எழுந்து போய்க் குனிந்தார். குப்பைக்கீரை. குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும் வளர்கிற அந்தக் கீரை, அவர் வீட்டுத் தரையில் தெரிந்த அவருடைய முகத்துக்குப் பக்கத்திலேயே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் மனைவி சமையலறை வாசலில் நின்று. "தானா முளைச்சது."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். அந்த ஊரில் வழக்கு உண்டு, எல்லைக்கல் உண்டு, அண்ணன் தம்பி வெட்டுக்குத்தும் உண்டு. கீரைக்கு மட்டும் தனி நியாயம். நட்டது நட்டவருக்கு, தானாக முளைத்தது கிள்ளுகிறவருக்கு. வாய்க்கால் கரையோ வரப்போ அடுத்தவர் கொல்லையோ, முளைத்துவிட்டால் அதற்குக் கதவு கிடையாது. நுனியைத்தான் கிள்ள வேண்டும், வேரைத் தொடக் கூடாது. இடத்துக்காரர் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது தோட்டக்கீரை. அடுப்பெரியாத காலத்தில் ஊரின் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கீரைகள்தான், அதனால் எவ்வளவு பெரிய ஆளும் இந்த நியாயத்தில் கை வைப்பதில்லை. காவல் நிலையத்தின் பூட்டிய அறைக்குள் ஒரு மழைக்காலத்தில் பருப்புக்கீரை முளைத்தபோது, பெண்கள் உள்ளே போய்த் திருடனைக் காலை மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிள்ளினார்கள். திருடன் விடுதலையாகிப் போகும்போது தனக்கும் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. நட்டுவிட்டுத் தானா முளைத்தது என்று பொய் சொல்வது. சொன்னவரின் கூடையை அவர் வாசலிலேயே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதன்பின் எந்தக் கரையிலும் அவர் கை வைக்க முடியாது, கீரை கிள்ளுகிற பெண்கள் யாரும் அவரோடு உட்காரவும் மாட்டார்கள். மாவு மில்காரர் அப்படி மாட்டியவர்தான். மில்லுக்கு ஆள் வரட்டுமே என்று வாசலில் விதையைத் தூவிவிட்டார். இன்றும் அவர் வீட்டுக்குக் கீரை டவுனிலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது. அதை மாவு மூட்டைக்குப் பின்னால் மறைத்துத்தான் எடுத்துப் போவார், பாவம்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஹாரன்.

பால் கொண்டுவந்தவளுக்குத் தெரிந்தது. பால் ஊற்றும்போது கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அது என்னண்ணே பச்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுப்பில் அந்தப் பால் பொங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதலில் வந்தது பஞ்சர் கடை அக்கா. ட்யூபைத் தண்ணீரில் முக்காமல், விரலால் தடவியே ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள். ஓட்டை கண்டுபிடிக்கிற விரலுக்குப் பொய்யும் தப்பாது என்று நம்பிக் கீரை வழக்குகளையும் ஊர் அவளிடமே விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே கிரீஸ் கையோடு நின்றாள்.

"தெறங்கண்ணே. கீரை பாக்கணும்."

"இது வீடும்மா."

"வீடு உங்களோடது. நான் வீட்டையா கேட்டேன்?"

ஹாரன் மூன்று தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா உள்ளே வந்தாள், குந்தினாள், இலையை முகர்ந்தாள், "குப்பைக்கீரைதான்" என்று தீர்ப்புச் சொல்லி முதல் கிள்ளு கிள்ளினாள். அவள் பின்னாலேயே பெண்கள் கூடையோடு நுழைந்தார்கள். அவர் மனைவி அடுப்பில் பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஹாரன் அப்போது யோசிக்கவில்லை. அவருக்கு அழுகை வராத குறை.

குப்பைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கூடத்துக் கீரையும் துளிர்த்தது. அடுத்த மழைக்குள் சன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம், அலமாரிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் என்று பரவிவிட்டது. கிள்ளுகிற வேலை கொட்டாவி விடுகிற நேரம்தான். ஆனால் கீரை கிள்ள வந்தவள் கீரையை மட்டும் கிள்ளிவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. மருமகளைப் பற்றிப் பேச வேண்டும், மாமியாரைப் பற்றிப் பேச வேண்டும், இரண்டு பேரும் வந்திருந்தால் விலைவாசியைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டம் இங்கேதானே இருக்கிறது என்று முடிதிருத்துபவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னலோரம் போட்டுக்கொண்டார். கீரைக்கும் சவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஹாரன் கேட்டதற்கு, தானும் நுனியைத்தான் கிள்ளுவதாகவும் வேரைத் தொடுவதில்லை என்றும் பதில் வந்தது. தபால்காரர் ஒரு படி மேலே போனார். வீடு வீடாக அலைவானேன் என்று பாதி ஊரின் கடிதங்களை ஹாரன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

ஹாரன் சும்மா இருக்கவில்லை. பஞ்சர் கடை அக்காவைப் பிடித்து ஒரு நியாயம் கேட்டார்.

"தினமும் தரை தொடைக்கிறோம். கீரை மேல தண்ணி படுது. அப்ப இது தோட்டக்கீரைதானே?"

அக்கா வெகுநேரம் யோசித்தாள். "தரைக்கு ஊத்தின தண்ணி தரைக்கு. ஓரமா நின்னு கீரை குடிச்சா, அது கீரையோட சாமர்த்தியம்."

அதற்கு மேல் முறையிட இடமில்லை. அவர் மனைவியோ முட்டிவலியையும் பார்க்காமல் வேளைக்கு ஒரு முறை தரையைத் துடைத்தாள். "வர்றவங்க போறவங்க கால் மண்ணு," என்றாள். மாத்திரை போட்டும் போகாத வலி, வாளியைத் தூக்கும்போது மட்டும் எங்கே போகிறதோ என்று ஹாரன் வியந்தார். வியந்ததோடு சரி.

ஒருநாள் வாசலில் நெரிசல். கூடையும் கையுமாகப் பத்துப் பேர் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்க, ஹாரனின் வாயிலிருந்து அவரைக் கேட்காமலே வார்த்தை வந்துவிட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க. உள்ள எடம் காலியா இருக்கு."

ஜனங்கள் பழக்க தோஷத்தில் உள்ளே போனார்கள். கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்கே போய்விட்டார்கள். அங்கே கட்டிலடியில் இரண்டு செடி இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மறுநாள் மதியம் அவர் கண்ணயர்ந்திருக்கையில் யாரோ அவருடைய பாதத்தைத் தட்டினார்கள்.

"அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்குங்க. கீழ துளிர் இருக்கு."

தூங்கிக்கொண்டே காலைத் தூக்கினார். தூக்கிய கால் தானாக பிரேக்கை மிதித்தது. அதில் கட்டில் அதிர்ந்து, கீழே குனிந்திருந்தவள் தலையில் இடித்துக்கொண்டாள். "இப்படியா திடீர்னு பிரேக் போடுவீங்க?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். கோபம் நியாயமாகவே பட்டதால் ஹாரன் மன்னிப்புக் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. சொந்தக் கட்டிலில், சொந்தத் தூக்கத்தில், சொந்தக் காலுக்காக மன்னிப்பா?

அன்றே பஞ்சர் கடைக்கு நடந்தார்.

"இதுல சூது இருக்கு," என்றார். "கீழ சிமென்ட், அதுக்கு மேல டைல்ஸ். இடுக்கு முழுக்க வெள்ளை சிமென்ட் பூசியிருக்கு. விதை எப்படி வந்துச்சு? கொத்தனார்தான். சம்பளம் கொடுத்தப்ப ஒரு வார்த்தை கடுமையாப் பேசிட்டேன். அந்தாளு மணல்ல விதையைக் கலந்துட்டான். இது நட்டது. எனக்கு விசாரணை வேணும்."

பஞ்சர் கடை அக்கா சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தாள். "யோசிச்சுக்கிட்டீங்களா? நட்டதுன்னு நிரூபணம் ஆச்சுன்னா உங்க கதவைச் சாத்திக்கலாம். ஆனா நட்டது யாரோ, அவங்க கூடை கவுந்துரும். அப்புறம் நான் நினைச்சாலும் நிமித்த முடியாது."

"கவுழட்டும்," என்றார் ஹாரன்.

விசாரணை நாளுக்கு முந்தின மதியம், மனைவி குளிக்கப் போயிருந்தாள். கட்டிலடியில் இடித்துக்கொண்டவளுக்குத் தடவத் தைலம் கேட்டு ஆள் வந்திருந்தது. ஹாரன் மனைவியின் மருந்துப் பெட்டியைக் குடைந்தார். தைலம் கிடைத்தது. அதன் பக்கத்தில் முட்டிவலி மாத்திரை பாட்டில். குலுக்கினால் மாத்திரைச் சத்தம் வரவில்லை, மணல் சரிகிற சத்தம் வந்தது. திறந்து உள்ளங்கையில் கொட்டினார். கடுகைவிடச் சிறியதாக, கறுப்பாக, மினுமினுவென்று விதை. பாட்டிலுக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதன் முனை தேய்ந்து, வெள்ளை சிமென்ட் அப்பியிருந்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன், அதுதான் உண்மை. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டார், போட்டதும் மூன்று தாழ்ப்பாளும் விழுகிற சத்தம் காதில் இனிமையாகக் கேட்டது. கூடத்துக்கு வந்தவர், செடிகளைப் பார்த்து அப்படியே நின்றார். அவை வரிசையாக நின்றன. டைல்ஸ் இடுக்கு எங்கே போகிறதோ அங்கே, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு, அணிவகுப்புப் போல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், அதுவும் சோறே போடாமல். இத்தனை நாளாக அதைச் சுற்றிச் சுற்றி நடந்தும் அவர் பார்க்கவில்லை.

பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அவர் ஊர் ஊராக ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவளுக்கு வாய்க்கால் கரையும் கூடையும் அந்தப் பெண்களும்தான் துணை. முட்டி போனது, கரைக்கு நடக்க முடியவில்லை. அவள் போக முடியாவிட்டால் அவர்களாவது வரட்டும் என்று கேட்டதுதான் அந்த பெஞ்சு. அவர் பெஞ்சுக்குப் பதிலாகச் சுவர் கட்டினார். அந்த முட்டியோடு தரையில் மண்டியிட்டு, கொண்டை ஊசியால் சிமென்டைச் சுரண்டிச் சுரண்டி அவள் விதை போட்டிருக்கிறாள். நாளைக்கு அவளுடைய கூடை கவிழப் போகிறது, அதற்கு மனுப் போட்டதும் கட்டிய புருஷன்தான். ஹாரனுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார், ஊசியை அதே திசையில் வைத்தார். தைலத்தைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். முடிதிருத்துபவர் பாதி சவரத்தில் இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். கொத்தனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முகம் சிவக்க வந்திருந்தார். மாவு மில்காரர் கேட்டுக்கு வெளியேயே நின்று, கவிழ்ந்த கூடையின் கஷ்டம் தனக்குத்தான் தெரியும் என்பது போல எல்லோரையும் பார்த்தார். ஹாரனின் மனைவி சமையலறை வாசலில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

பஞ்சர் கடை அக்கா கூடத்தில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடுக்கை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது, திரும்ப வந்தது, மறுபடி அங்கேயே நின்றது. எழுந்து உட்கார்ந்து விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடியை ஊதினாள்.

"கொத்தனாரே, மணல்ல விதை கலந்தீங்களா?"

"நான் மணலைச் சலிச்சுத்தாங்க போடுவேன். சலிச்ச மணல்ல எறும்புகூட இருக்காது."

"சரி. மனு கொடுத்தவரைக் கேக்கறேன். அண்ணே, இந்த வீட்டு ஆளுங்க யாராச்சும் இதுக்கு விதை போட்டீங்களா?"

ஹாரன் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் குட்டு உடைந்துவிடும். எதிரே திறந்து கிடந்த கதவைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல. தானா முளைச்சதுதான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கொத்தனார் வாயைப் பிளந்தார்.

"அப்புறம் எதுக்கு மனுக் கொடுத்தீங்க?" என்றாள் அக்கா.

"தானா முளைச்சதுன்னு எல்லாரும் வாயால சொல்றாங்க. விசாரிச்சு உறுதிப்படுத்தினா நல்லதுதானே."

"அது இருக்கட்டும். குப்பைக்கீரை எங்கயாவது இப்படி வரிசையா முளைச்சுப் பாத்திருக்கீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று ஹாரன் இரவெல்லாம் எதிர்பார்த்திருந்தார், பதில்தான் தயாராக இல்லை. வாயைத் திறந்தார். பாதி வாழ்க்கையை ஸ்டியரிங் பிடித்துக் கழித்தவருக்கு ஆபத்தில் கை தானாகத் திரும்பும். அன்று நாக்கு திரும்பியது.

"பஸ்காரன் வீடும்மா இது. இங்க எதுவா இருந்தாலும் வரிசையிலதான் நிக்கணும். அதுக்கே தெரிஞ்சிருக்கு."

"உங்க பஸ்ல யாருண்ணே வரிசையில ஏறினாங்க?" என்றார் முடிதிருத்துபவர்.

"மனுஷங்க ஏறல. கீரையாவது ஏறுதே, அதை ஏன் கெடுக்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அதை ஒரு நியாயமாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள், ஒருவர் தன் வீட்டுப் பூனைகூட ரொம்ப ஒழுங்கு என்றார். பஞ்சர் கடை அக்கா விரலைத் துணியில் துடைத்தாள். சமையலறை வாசலை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கரண்டியை, வாளியை, முட்டியில் கட்டியிருந்த துணியை எல்லாம் பார்த்தாள்.

"சில ட்யூப்புல ஓட்டை தெரியும்," என்றாள் மெதுவாக. "ஆனா வண்டி ஓடிக்கிட்டு இருக்கும். ஓடற வண்டியை நிறுத்தி நான் பஞ்சர் பாக்கறதில்ல. தானா முளைச்சதுதான். கிள்ளுங்க."

கூடைகள் இறங்கின. ஹாரனின் மனைவி உள்ளே போனாள். பாத்திரம் விழுகிற சத்தமும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. எப்போதும் கூட்டத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் அவருக்கு வரும். அன்று முதல் டம்ளர் அவருக்கு வந்தது. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பிறகு வெயில் காலம் வந்தது. கீரைக்கு ஆயுசு அவ்வளவுதான். தண்டு முற்றியது, நுனியில் பூக்கதிர் வந்தது, இலை கசந்தது. கிள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். முடிதிருத்துபவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். தபால்காரர் பழையபடி வீடு வீடாக நடந்தார். ஒருநாள் காய்ந்த தண்டுகளைப் பெருக்கி அள்ளியாயிற்று. ஹாரன் போய்க் கதவைச் சாத்தி, மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, டீயோடு எதிரே உட்கார்ந்தார்.

கதவு நன்றாகத்தான் இருந்தது, நல்ல மரம். ஆனால் எத்தனை நேரம்தான் ஒரு மரத்தையே பார்ப்பது? கூடத்தில் கடிகாரம் ஓடியது. சமையலறையில் அவள் இரண்டே டம்ளரைக் கழுவினாள். கட்டிலில் போய்ப் படுத்தார். காலைத் தூக்கச் சொல்ல ஆளில்லாததால் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருமுறை காலைத் தானாகவே தூக்கிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். கேட்டையும் திறந்து வைத்தார். தெருவில் போனவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். சும்மா உள்ளே வர அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

மேகம் கட்டிய ஒரு மதியம், மனைவி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஹாரன் சத்தமில்லாமல் மருந்துப் பெட்டியைத் திறந்து அந்த பாட்டிலையும் கொண்டை ஊசியையும் எடுத்தார். கதவோரமாக மண்டியிட்டார். அவருடைய முட்டியும் இப்போது கடகடவென்று சத்தம் போட்டது. இடுக்கில் ஊசியை வைத்துச் சுரண்டினார். சிமென்ட் கெட்டியாக இருந்தது. இதை அவள் எப்படித்தான் சுரண்டினாளோ. விரல் நகம் தேய்ந்தது. கொஞ்சம் பொடி வந்ததும், பாட்டில் மூடியில் விதையைக் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, அளவாக இடைவெளி விட்டு வைக்கத் தொடங்கினார்.

சமையலறையில் அரிசி களைகிற சத்தம் நின்றது.

"வரிசையாப் போடாதீங்க," என்றாள் அவள் உள்ளிருந்தபடியே.